தொகுப்பறையிலிருந்து இணையத்திற்கு: தமிழகத்தில் படத்தொகுப்பு, காட்சி விளைவுக் கல்வியின் வரலாறு – சந்தவாசலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் திரைப்படத் தொகுப்பும் காட்சி விளைவும் முதலில் படப்பிடிப்பு நிலையங்களில் உதவியாளராக இருந்து கற்கப்பட்டன. பின்னர் அரசுத் திரைப்படக் கல்லூரியின் பாடங்களாயின. கடந்த இருபது ஆண்டுகளில் இணையக் காணொளிப் பாடங்களாகப் பரவியுள்ளன. இம்மாற்றத்தில் கற்போரின் எண்ணிக்கை பெருகியது. ஆயினும் இரு கலைகளும் ஒரே அளவில் இணையத்திற்கு வந்து சேரவில்லை. காட்சி விளைவின் உத்திகள் வெளிப்படையாகிவிட்டன. தொகுப்பின் மூலப்பொருளாகிய ரஷ் இன்றும் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறது. சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் இருந்து கற்க முனையும் ஒருவரின் நிலையை அளவுகோலாகக் கொண்டு இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: படத்தொகுப்பு, காட்சி விளைவு, இணையவழிக் கல்வி, கலைச்சொல், சந்தவாசல், தெருக்கூத்து.

முன்னுரை

சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் சந்தவாசல். சம்புவராயர் தலைநகராக இருந்த படைவீட்டுக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகவே திரும்புவர். திருவண்ணாமலை மாவட்டத்தின் இப்பகுதியிலிருந்து சென்னைத் தரமணியிலுள்ள அரசுத் திரைப்படக் கல்லூரி ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளது. புனேயிலுள்ள தேசிய நிறுவனம் சாலைவழி ஆயிரம் கி.மீ. அளவில் உள்ளது. கற்க விரும்பிய ஒருவர் ஊரைவிட்டுப் புறப்பட்டே ஆகவேண்டும் என்பதே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலவிய விதி.

இன்று அவ்விதி தளர்ந்துவிட்டது. கைப்பேசியில் ‘எடிட்டிங் கற்பது எப்படி’ என்று தமிழில் தட்டினால் காணொளிகள் அணிவகுக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு கல்வி மக்கள்மயமாகிவிட்டது என முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். மற்றப் பாதியை அறிய, இணையத்திற்கு முன் இக்கல்வி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காணவேண்டும்.

‘தொகுப்பு’ என்னும் சொல்

‘எடிட்டிங்’ என்பதற்குத் தமிழ்த் திரைத்துறை ‘படத்தொகுப்பு’ என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. வெட்டுதல், ஒட்டுதல் என்னும் செயல்களைச் சுட்டாமல் தொகுத்தலைச் சுட்டும் இச்சொல் தற்செயலாகவே பொருத்தமாக அமைந்தது போலும். தமிழ் இலக்கிய மரபில் தொகுத்தோன், தொகுப்பித்தோன் என்னும் இருவரின் பெயர்களும் போற்றிப் பேணப்பட்டன. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இவர்களுள் பின்னவர் இருவரையும் திரைமொழியில் முறையே படத்தொகுப்பாளர், தயாரிப்பாளர் எனலாம்.

அகநானூற்றின் வைப்புமுறை இங்கு நோக்கத்தக்கது. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 என முடிவன முல்லை, 6 மருதம், 10 நெய்தல். இதன்படி 400 பாடல்களில் 200 பாலையாயினும் இரு பாலைப் பாடல்கள் எங்கும் அடுத்தடுத்து வருவதில்லை. பிரிவுத் துயரின் இரு பாடல்களுக்கு இடையே எப்போதும் வேறொரு நிலம் குறுக்கிடுகிறது. பாடல்களை இயற்றியோர் பலர்; இந்த இடைவெளியை இயற்றியவர் தொகுத்தவர் ஒருவரே. துண்டுகளைக் கோக்கும் வரிசையிலேயே பொருள் பிறக்கும் என்னும் உணர்வு தமிழுக்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. இணையத்தில் இன்று தமிழில் கிடைக்கும் பயிற்சிப் பாடங்களை ஆராயும்போது இப்பகுப்பு மீண்டும் உதவும்.

கையிலிருந்து கைக்கு

தமிழின் முதல் மௌனப் படமாகிய ‘கீசக வதம்’ 1917-18 காலத்தில் உருவானது. அதனை உருவாக்கிய ஆர். நடராஜ முதலியார் சந்தவாசலுக்கு அண்மையிலுள்ள வேலூரில் பிறந்தவர். மோட்டார் வாகன வணிகத்தில் இருந்த அவர், கர்சன் பிரபுவைப் பற்றிய ஆவணப்படத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனேயில் தொழிலின் அடிப்படைகளைக் கற்றார். பின்பு சென்னையில் நிலையம் அமைத்து, படமெடுத்தலையும் தொகுத்தலையும் தாமே செய்தார். படச்சுருளைப் பதப்படுத்தப் பெங்களூரை நாடினார். தமிழ்த் திரைக்கல்வியின் முதல் நிகழ்வே ஊரைவிட்டுச் சென்று ஒருவரின் அருகில் நின்று பார்த்துக் கற்றதாக அமைந்தது. அப்படத்தின் படி இன்று இல்லை.

பேசும்படக் காலத்தில் ஸ்டுடியோவே கல்விக்கூடமாயிற்று. தொகுப்பறை உதவியாளர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் அவற்றில் ‘கற்பித்தல்’ என்று எதுவும் இராது. படச்சுருள் டப்பாக்களுக்குப் பெயர் எழுதுதல், ஒலியையும் ஒளியையும் கிளாப் ஓசையில் பொருத்துதல், வெட்டி எடுத்த துண்டுகளை எண் பார்த்துத் தொங்கவிடுதல், ஆசிரியர் கேட்கும்போது அவற்றைத் தேடித் தருதல் – இவையே அன்றாடம். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். இக்கணக்கை உதவியாளர் ஏட்டில் படிக்கவில்லை, விரல்களால் அளந்தார். வெட்டி நீக்கிய நான்கு சட்டகங்களை ஆசிரியர் மறுநாள் திரும்பக் கேட்டால், நேற்றைய முடிவு ஏன் தவறாயிற்று என்பது அவருக்கு விளக்கமின்றியே விளங்கும்.

இவ்வழியில் வந்தோர் பலர். ஏ. பீம்சிங், கிருஷ்ணன்–பஞ்சு இணையரிடம் தொகுப்பு உதவியாளராகத் தொடங்கினார். அவ்விணையருள் பஞ்சு ‘பஞ்சாபி’ என்னும் பெயரில் படங்களைத் தொகுத்தவர். ‘பராசக்தி’ (1952) அவற்றுள் ஒன்று. பீம்சிங்கின் மகன் பி. லெனின் தேசிய விருது பெற்ற தொகுப்பாளரானார். எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். நிறுவனத்தின் தொகுப்புப் பிரிவில் பயின்று இயக்குநரானார், கே. சங்கரும் தொகுப்பிலிருந்து இயக்கத்திற்கு வந்தவர். தேசிய விருதைப் பலமுறை வென்ற ஏ. ஸ்ரீகர் பிரசாத், தொகுப்பாளர் சஞ்சீவியின் மகன், எல்.வி. பிரசாத்தின் உறவினர். இந்நிரலில் ஓர் உண்மை தானே புலப்படுகிறது. உறவோ அறிமுகமோ உடையோர்க்கே தொகுப்பறைக் கதவு எளிதில் திறந்தது. குருகுல முறையின் ஆழத்தைப் பாராட்டுவோர் அதன் வாயிற்காவலை மறந்துவிடுகின்றனர்.

தந்திரக் காட்சிகளின் நிலை இன்னும் இறுக்கமானது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ (1940) பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. அக்காலத்தில் இரட்டை வேடத்திற்கு வழங்கிய முறை, வில்லையின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் படம்பிடித்து, சுருளை அளந்து பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மற்றொரு வேடத்தைப் பிடிப்பதாகும். அதுவரை கேமரா மயிரிழையும் அசையலாகாது. நடிகர் இல்லாத தம்மை நோக்கிப் பேசவேண்டும். ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949), விஜயா நிறுவனத்தின் ‘மாயா பஜார்’ (1957) என இவ்வித்தை வளர்ந்தது. பின்னதன் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் பெயர் இன்றளவும் வியப்புடன் சொல்லப்படுகிறது. ஆயினும் இவ்வித்தைகள் எழுதிவைக்கப்படவில்லை. மறைத்துவைத்தலே அவற்றின் மதிப்பாக இருந்தது. 1989இல் வந்த மற்றொரு ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கமல்ஹாசன் குள்ள மனிதராகத் தோன்றிய உத்தி நெடுங்காலம் விளக்கப்படாமலே இருந்தது.

இன்றைய மென்பொருளில் ‘மாஸ்க்’ எனப்படும் கருவி, 1940இல் வில்லைக்கு முன் வைக்கப்பட்ட அந்த மறைப்பேயாகும். பெயர்கூட மாறவில்லை.

கல்லூரி

1945இல் சென்னையில், பின்னாளில் மத்தியப் பல்தொழில்நுட்பக் கல்லூரி என அறியப்பட்ட நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் திரைத் தொழில்நுட்பக் கல்வி தொடங்கிற்று. முதலில் கற்பிக்கப்பட்டவை ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும். தொகுப்பு பின்னரே பாடமாயிற்று. இன்று எம்.ஜி.ஆர். பெயர் தாங்கித் தரமணியில் இயங்கும் அரசு நிறுவனத்தின் தோற்றுவாய் இதுவே. எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இல் அளித்த பரிந்துரையின் தொடர்ச்சியாக, 1960இல் புனேயில் பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தேசிய நிறுவனம் உருவானது. சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் அகாதெமி போன்ற தனியார் நிறுவனங்கள் இந்நூற்றாண்டில் தோன்றின.

கல்லூரி இரண்டு நன்மைகளைச் செய்தது. உறவின்றி நுழைய ஒரு தேர்வு வழி பிறந்தது. அதனினும் முக்கியமாக, மாணவர் தாமே படமெடுத்துத் தாமே தொகுத்துப் பிழைக்க உரிமை பெற்றனர். ஸ்டுடியோவில் பிழைத்தால் முதலாளியின் பணம் வீணாகும். கல்லூரியில் பிழை பாடத்தின் பகுதி. ஆயினும் இடங்கள் மிகச் சில. வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் இக்கல்லூரிகளின் பெயரை அறிந்தோரே அரிதாக இருந்திருப்பர் எனக் கருத இடமுண்டு.

கல்லூரிக்கு வெளியே மற்றொரு பள்ளியும் இயங்கியது. அதனை ஆய்வாளர் பெரிதும் கண்டுகொள்வதில்லை. ஒளிநாடாக் காலம் முதல் வேலூர், ஆரணி, போளூர் போன்ற ஊர்களின் ஒளிப்பட நிலையங்களில் திருமணக் காணொளிகள் ‘மிக்ஸிங்’ செய்யப்பட்டன. தாலி கட்டும் காட்சி இதய வடிவத்துக்குள் சுழன்று வரும் அந்த உத்திகளைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எனினும் பின்னாளில் ‘எடியஸ்’ போன்ற மென்பொருள்களைச் சிற்றூர்க்குக் கொண்டுவந்தவை இந்நிலையங்களே. இங்கும் கற்றல் உதவியாளராய் இருந்தே நிகழ்ந்தது.

கணினியின் வரவு

அமெரிக்காவில் 1989இல் அறிமுகமான ‘அவிட்’ தொகுப்பு முறை தமிழுக்கு விரைவிலேயே வந்தது. ‘மகாநதி’ (1994) அவிட் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. அதே ஆண்டில் வந்த ‘காதலன்’ சிறப்பு விளைவுகளுக்காக எஸ்.டி. வெங்கிக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. ‘இந்தியன்’ (1996), ‘ஜீன்ஸ்’ (1998) ஆகியவற்றுக்கும் அவரே அவ்விருதைப் பெற்றார். ‘எந்திரன்’ (2010) படத்துக்காக வி. சீனிவாஸ் மோகன் பெற்றார்.

இம்மாற்றத்தின் விளைவுகள் இரண்டு கலைகளிலும் வேறுபட்டன. தொகுப்பறையில் உதவியாளரின் கை வேலை குறைந்தது. துண்டைத் தேடித் தருபவர் தேவையில்லை. ஆகவே ஆசிரியரின் தோளுக்குப் பின்னால் நிற்பவரும் குறைந்தார். காட்சி விளைவிலோ, பழைய மறைபொருள் உடைந்தது. கணினியில் செய்யப்படும் எதையும் திரைப்பதிவு செய்து இன்னொருவருக்குக் காட்ட முடியும். இந்த எளிய உண்மையே இணையப் பாடத்தின் அடித்தளம்.

இணையப் பாடங்கள்

2005இல் யூடியூப் தொடங்கிற்று. அதே காலத்தில் ஆண்ட்ரூ கிரேமர் ‘வீடியோ கோபைலட்’ தளத்தில் ‘ஆப்டர் எஃபெக்ட்ஸ்’ பாடங்களை இலவசமாக வெளியிடலானார். வெடிப்பு, புகை, ஒளிக்கீற்று ஆகியவற்றை ஓர் அறைக்குள் உருவாக்கிக் காட்டிய அப்பாடங்கள் உலகெங்கும் ஒரு தலைமுறையை வளர்த்தன. நெதர்லாந்தில் டான் ரூசென்டால் உருவாக்கிய ‘பிளெண்டர்’ என்னும் முப்பரிமாண மென்பொருள், பயனர்கள் 2002இல் ஏழு வாரங்களில் திரட்டித் தந்த 1,00,000 யூரோவினால் கட்டற்ற மென்பொருளாயிற்று. 2009இல் டாவின்சி நிறுவனத்தை வாங்கிய பிளாக்மேஜிக், ‘ரிசால்வ்’ மென்பொருளின் இலவசப் பதிப்பையும் பயிற்சி நூல்களையும் வெளியிட்டது. பொருளில்லாதவர்க்கும் கருவி கிட்டும் நிலை இவ்வாறு வந்தது.

தமிழகத்தில் இதற்கு ஈடான நிகழ்வு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோசுடன் ‘போஸ்’ லினக்ஸும் இடம்பெற்றது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியதை அடுத்து இணையத்தின் விலை வீழ்ந்தது. சந்தவாசல் போன்ற ஊரில் காணொளிப் பாடம் பார்ப்பது நடைமுறைக்கு வந்தது இவ்விரண்டுக்கும் பின்னரே. மலைமேல், சமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில், அலைக்கோபுரத்தின் எட்டுகை இன்றும் சமநிலத்தைப் போலன்று.

தமிழில் முறையாக உருவான பாடங்களுள் முதலில் கூறத்தக்கது மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம். வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில், நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பவழிக் கல்வித் திட்ட நிதியில் உருவான இது, கட்டற்ற மென்பொருள்களை ஏறத்தாழப் பத்து நிமிடப் பாடங்களாகக் கற்பிக்கிறது. பிளெண்டர், ஒலித் தொகுப்புக்கான ‘ஆடாசிட்டி’, அசைவூட்டத்திற்கான ‘சின்ஃபிக்’ ஆகியன இதில் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடவுரை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் குரல் மாற்றப்படுகிறது. திரையில் தெரிவதோ ஆங்கிலமாகவே நிற்கிறது. கன்னடத்தில் எடுத்த ‘அரிச்சந்திரா’வை 1944இல் ஏவி. மெய்யப்பன் தமிழ்க் குரலில் வெளியிட்டது இங்கு நினைவுக்கு வருகிறது. இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படமாகப் பலரும் அதைச் சுட்டுவர். உதடு ஒரு மொழியிலும் ஓசை ஒரு மொழியிலுமாக அசையும் அனுபவம் தமிழ் நோக்கர்க்குப் பழகியதுதான்.

மரபியலின் சொற்களில் இது மொழிபெயர்ப்பு வகை வழிநூல். தனியார் யூடியூப் பாடங்களோ பெரும்பாலும் தொகைவிரி: அயல்மொழிக் காணொளிகளைக் கண்டு தொகுத்துத் தம் சொல்லில் விரித்துரைப்பவை. இவற்றின் மொழி கவனத்திற்குரியது. ‘லேயரை டூப்ளிகேட் பண்ணிட்டு, மாஸ்க்கை ஃபெதர் பண்ணுங்க’ என்னும் வகைத் தொடரில் வினையும் வேற்றுமையும் தமிழ், பெயர்கள் ஆங்கிலம். அடுக்கு, சட்டகம், மறைப்பு என்னும் சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை. கற்பவர் முன்னுள்ள திரையில் இருப்பது ‘லேயர்’ என்னும் எழுத்து. ஆசிரியர் ‘அடுக்கு’ என்றால் அவர் அதைத் தேடி அலைவார். எனவே கலைச்சொல் தூய்மை இங்கே முதற்சிக்கல் அன்று. சட்டகம், நீட்சி, தாளம், பார்வைத்தொடர்ச்சி போன்ற சிந்தனைக்குரிய சொற்களேனும் தமிழில் ஆளப்பட்டிருக்கலாம். பொத்தான்களின் பெயர் ஆங்கிலமாயிருப்பதில் இழப்பில்லை. ஒரு வெட்டு ஏன் நன்றாயிருக்கிறது என்று விளக்கும் தமிழ் இப்பாடங்களில் வளராமற்போனதே இழப்பு.

மற்றொரு குறை காலத்தால் வருவது. ஸ்போக்கன் டுடோரியலின் பிளெண்டர் பாடங்கள் 2.5 வரிசைப் பதிப்புகளை ஒட்டியவை. 2019இல் வந்த 2.80 பதிப்பு இடைமுகத்தை முற்றிலும் மாற்றியது. அதுவரை ஒரு பொருளைத் தேர்வுசெய்ய வலப்பொத்தானை அழுத்தவேண்டும். அதன்பின் இயல்புநிலை இடப்பொத்தான். பழைய பாடத்தைத் தமிழில் கேட்டு இன்றைய மென்பொருளில் முயலும் புதியவர் முதல் அழுத்தத்திலேயே திகைப்பார். ஆங்கிலத்தில் அடுத்த வாரமே புதிய பாடம் வந்துவிடும். ஏடுகளைக் காலந்தோறும் பெயர்த்தெழுதிக் காத்த மொழியில், பாடங்களைப் பெயர்த்தெழுதுவதற்கு ஏற்பாடில்லை.

ரஷ் இல்லாத கல்வி

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். காட்சி விளைவு நிறுவனங்கள் இன்று தம் வேலையைத் தாமே உரித்துக் காட்டுகின்றன. பச்சைத் திரைக்கு முன் நிற்கும் நடிகர், கம்பிச் சட்டகம், ஒளியமைப்பு, இறுதிக் காட்சி எனப் படிப்படியாகக் காட்டும் ‘பிரேக்டவுன்’ காணொளிகள் விளம்பரமாகவும் பாடமாகவும் பயன்படுகின்றன. சென்னையின் ஃபேன்டம் எஃப்எக்ஸ் பணியாற்றிய ‘அயலான்’ (2024) போன்ற படங்களின் நுட்பத்தைப் பற்றிப் பொதுமக்களே உரையாடுகின்றனர். ஒரு காலத்தில் மறைவாக இருந்த வித்தை கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

தொகுப்பை இவ்வாறு உரித்துக் காட்ட இயலாது. தொகுப்பாளரின் வேலை திரையில் உள்ளவற்றைவிடத் திரையில் இல்லாதவற்றிலேயே இருக்கிறது. ஏழு டேக்குகளில் ஐந்தாவதை ஏன் எடுத்தார் என்பதை அறிய மற்ற ஆறையும் பார்க்கவேண்டும். அவை தயாரிப்பாளரின் உடைமை, வெளிவருவதில்லை. ஆகவே இணையம் தொகுப்பின் பொத்தான்களைக் கற்பிக்கிறது. தொகுப்பைக் கற்பிக்கத் தடுமாறுகிறது. சமையல் குறிப்பு இருக்கிறது, அரிசி இல்லை.

இத்தகைய பஞ்சத்தைத் திரைக்கல்வி முன்பே கண்டுள்ளது. 1919இல் மாஸ்கோவில் தொடங்கிய உலகின் முதல் திரைப்படக் கல்லூரியில் படச்சுருள் கிடைக்கவில்லை. லெவ் குலேஷோவின் பட்டறை மாணவர்கள் ‘படச்சுருள் இல்லாப் படங்களை’ மேடையில் நடித்துப் பழகினர்; கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ (1916) போன்ற படங்களின் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்த்தனர். ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளின் அருகில் வைத்தால் நோக்கர் வெவ்வேறு உணர்ச்சியைக் காண்பர் என்னும் புகழ்பெற்ற கருத்து அவ்வறுமையில் விளைந்தது.

இன்றைய சிற்றூர் இளைஞர் கைப்பேசியில் ‘கைன்மாஸ்டர்’ கொண்டு ஒரு படத்தின் காட்சியை வேறொரு படத்தின் பாட்டுக்கு வெட்டி ‘ஸ்டேட்டஸ்’ காணொளியாக்குகிறார். வடிவளவில் இது குலேஷோவ் மாணவர் செய்ததேயாகும். கல்வியாளர் இதனைப் பொழுதுபோக்கென ஒதுக்குவது பொருந்தாது. ஆனால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. மாஸ்கோவில் கோத்ததை எல்லாரும் அமர்ந்து பார்த்து விவாதித்தனர். இங்கே கிட்டும் மறுமொழி விருப்பக்குறி மட்டுமே. மேலும், ஏற்கெனவே தொகுக்கப்பட்ட படத்தை மீண்டும் வெட்டுபவர் முதல் தொகுப்பாளரின் தெரிவுகளுக்குள்ளேயே உழல்கிறார். நீக்கப்பட்டவை அவர் கண்ணுக்குப் படா.

இதற்கு மாற்று வழிகள் உலகில் உண்டு. பிளெண்டர் அறக்கட்டளை தன் திறந்த படங்களின் மூலக்கோப்புகளை வெளியிடுகிறது. உண்மை நடிகரைக் கொண்டு எடுத்த ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (2012) படத்தின் படப்பிடிப்புத் துண்டுகளும் அவற்றுள் அடங்கும். தமிழிலும் தன்னார்வ முயற்சிகளுக்குக் குறைவில்லை. பாலு மகேந்திராவின் ‘சினிமா பட்டறை’, ‘தமிழ் ஸ்டுடியோ’வின் ‘படிமை’ ஆகியவை கல்லூரிக்கு வெளியே பயிற்சியளித்தன. தற்சார்புக் கலைஞர்களுக்குத் தமிழ் ஸ்டுடியோ வழங்கும் விருது தொகுப்பாளர் லெனின் பெயரால் அமைந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ வழியாகக் குறும்படங்களைத் தொகுத்துப் பழகியோர் ‘பீட்சா’ (2012), ‘சூது கவ்வும்’ (2013) போன்ற படங்களில் பங்காற்றினர். அக்குறும்படங்களின் ரஷ்களும், தரமணி மாணவர் பட்டயப் படங்களின் ரஷ்களும் காப்புரிமை தீர்த்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்றதொரு மேடையில் வைக்கப்பட்டால், சந்தவாசல் மாணவர் முதன்முறையாகத் தமிழ் உரையாடல் ஒன்றின் ஏழு டேக்குகளையும் பார்ப்பார். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அனுமதிதான் வேண்டும்.

கற்றவர் செல்லுமிடம்

காட்சி விளைவுப் பாடங்கள் பெருகியதற்குக் கல்வி ஆர்வம் மட்டும் காரணமன்று. அயல்நாட்டுப் படங்களின் ரோட்டோ, பெயிண்ட், மேட்ச்மூவ் பணிகள் சென்னை, ஐதராபாத், பெங்களூரு, மும்பை நிலையங்களுக்கு வந்தன. உருவத்தின் விளிம்பைச் சட்டகந்தோறும் வரைந்து பிரிக்கும் ரோட்டோ, மேக்ஸ் ஃபிளெய்ஷர் 1917இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது. பொறுமை மிகுதியும், படைப்புரிமை மிகக் குறைவும் உடைய வேலை. சில மாதக் காணொளிப் பயிற்சி இவ்வேலைக்கு ஒருவரை ஆயத்தப்படுத்திவிடும். அதற்கு மேலே ஏற்றிவிடுவதில்லை.

அச்சங்கிலியின் உறுதியும் ஐயத்திற்குரியது. புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுக்கான ஆஸ்கரைப் பெற்றபோது, அதனை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதத்தில் திவாலாகியிருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்து அதன் பெங்களூரு, மும்பை நிலையங்கள் முடங்கின. விளிம்பு பிரிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது தாமே செய்யத் தொடங்கியுள்ளன. எந்தப் படி இணையத்தால் எளிதாய் எட்டப்பட்டதோ அந்தப் படியே முதலில் பெயர்கிறது.

தபசு மரம்

இப்பகுதியின் தேவையை இப்பகுதியிலிருந்தே நோக்கினால் வேறொரு பாடத்திட்டம் தோன்றுகிறது. வட ஆற்காடு தெருக்கூத்தின் நிலம். திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பாரதம் பல நாள் கூத்தாக நிகழ்கிறது. முதல் மௌனப் படத்தின் கீசகன் கதையும் அப்பாரதத்தினதே. இக்கூத்துகள் இன்று விடிய விடியப் பதிவுசெய்யப்பட்டு யூடியூபில் ஏற்றப்படுகின்றன. ஒரே கேமரா, எட்டு மணிநேரம், வெட்டே இல்லை. அல்லது பத்து நிமிடத் துணுக்குகள். இரண்டுக்கும் நடுவே செய்யத்தக்க தொகுப்பை எந்தக் காணொளிப் பாடமும் கற்பிக்கவில்லை. அவற்றின் எடுத்துக்காட்டுகள் திருமணம், விளம்பரம், திரைப்பாட்டு ஆகியவற்றோடு முடிகின்றன.

அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்வோம். நடிகர் உயர்ந்த மரத்தில் படிப்படியாகப் பாடி ஏறுகிறார். பாட்டு நீள்வதும் ஏற்றம் நீள்வதும் ஒன்றே. கீழே நிற்போரின் காத்திருப்பும் நிகழ்வின் பகுதி. ஏற்றத்தைச் சுருக்கினால் நேரம் மிஞ்சும், தவம் குறையும். சுருக்காவிடில் கைப்பேசி நோக்கர் விலகுவார். கூட்டத்தின் முகத்துக்கு எந்த அடியின் முடிவில் வெட்டுவது? பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போதா, அதற்கு முன்பா? மேலிருந்து விழும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைவரம் வேண்டி முந்தானையில் ஏந்தும் பெண்ணை, அவர் ஏந்தும் கணத்திலிருந்து காட்டுவதா, ஏந்தக் காத்திருக்கும் வேளையிலிருந்தா? ஓர் ஊர்ப் பதிவின் எட்டு மணிநேர ரஷ்ஷையும், அதனை மூன்று பேர் மூன்று விதமாகத் தொகுத்த படிகளையும் அருகருகே வைத்து, கூத்துக் கலைஞர் ஒருவரும் தொகுப்பாளர் ஒருவரும் தமிழில் உரையாடும் பாடம் ஒன்றைச் சந்தவாசலிலிருந்தே பதிவுசெய்ய முடியும். அதற்குத் தேவையான மென்பொருள் இலவசம். கூத்து ஆண்டுதோறும் நடைபெறுகிறது.